தலை, தோள், முன்னங்கால்

இவாசே மலைக்குள் போய் உண்மையிலேயே மான் வேட்டையாடுகிறாரா, இல்லை லாரியில் காலை நீட்டித் தூங்கிவிட்டு வருகிறாரா என்று பார்த்துவர ஊர்க்கூட்டம் ஒரு ஆளை அனுப்பியது. அந்த ஆள் தொயோமி. அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவள் கண்ணில் மண்ணைத் தூவ ஊரில் எவராலும் முடியாது. இரண்டாவது, போன குளிர்காலத்தில் மான்கள் அவளுடைய யுசுத் தோட்டத்தில் நாற்பத்து மூன்று மரங்களின் பட்டையைச் சுற்றிலும் உரித்துத் தின்றுவிட்டிருந்தன. எலுமிச்சைக்குச் சித்தி மகள் மாதிரியான பழம் அது. அந்த ஊரே அதை நம்பித்தான் அடுப்பு மூட்டியது. கல்யாணமான வருஷம் அவளும் புருஷனும் குழி தோண்டி வைத்த மரங்கள். வசந்தத்தில் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை.

ஊரில் மிச்சமிருந்த ஒரே வேட்டைக்காரர் இவாசே. அறுபத்து மூன்று வயது, முப்பத்தொரு வருஷமாகத் துப்பாக்கி. ஆனால் மாதத்துக்கு இரண்டு மான் கொண்டுவந்தால் அதிகம். ஊர்த் தலைவர் ஓகுதா கீழே நகரத்திலிருந்து ஒரு வேட்டைக் குழுவைப் பேசி வைத்திருந்தார். பத்து ஆள், எட்டு நாய், ஒரே வாரத்தில் முப்பது மான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு. அவர்கள் வந்தால் ஊர் மலையில் மான் சுடும் அனுமதி அவர்களுக்குப் போய்விடும். இவாசே துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். மலைக்குப் போகாத இவாசேயை ஊரில் யாரும் கற்பனை செய்து பார்த்ததில்லை. அவரும்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

தொயோமி எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. "நாற்பத்து மூணு மரம் போச்சு. இன்னும் அண்ணன் மனசு வெச்சு சுடுவார்னு காத்துட்டு இருந்தா வேலிக்கம்பு மட்டும்தான் மிஞ்சும்" என்று கூட்டத்திலேயே சொல்லியிருந்தாள். இவாசே அதைக் கேட்டுக்கொண்டு மாண்டரின் ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை, டிசம்பர் பன்னிரண்டு. விடிந்தும் விடியாத வேளையில் இவாசேயின் குட்டி லாரி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. புருஷன் யுகிஹிரோ முதுகுவலிப் பட்டையைக் கட்டிக்கொண்டு வாசல்வரை வந்தான்.

"அண்ணே, கூட்டிட்டுப் போற மாதிரியே திருப்பிக் கொண்டாந்துடுங்க. இவ இல்லாட்டி எனக்கு அரிசிப் பானை எங்க இருக்குன்னுகூடத் தெரியாது."

"கொண்டாந்துடறேன்" என்றார் இவாசே. பிறகு தொயோமியைப் பார்த்தார். "துண்டைக் கழட்டு."

"ஏன், நல்லாத்தானே இருக்கு. நேத்துதான் துவைச்சேன்."

"அதுதான் வம்பே. மான் திரும்பி ஓடும்போது பின்னாடி என்ன தெரியும்? வெள்ளை. கழட்டு."

முப்பது வருஷமாகக் காலையில் கழுத்தில் போடும் வெள்ளைத் துண்டு இரவு குளிக்கும்போதுதான் இறங்கும். அது இல்லாமல் கழுத்து அம்மணமாக இருப்பது போலிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே மடித்து, பழுப்பு நிறக் கோட்டின் பையில் திணித்தாள். இவாசே ஓர் ஆரஞ்சு நிற மேல்சட்டையும் ஆரஞ்சு நிறத் தொப்பியும் கொடுத்தார். மனிதர் என்று தூரத்திலேயே தெரிவதற்காகக் கண்ணைக் குத்தும் நிறம். போட்டுக்கொண்டதும் யுகிஹிரோ, "ரோட்டு வேலைக்குப் போறியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே தப்பித்துப் போனான்.

காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் மலைத் தெய்வத்தின் கல் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. இவாசே தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சோற்று உருண்டையை அதன் முன் வைத்துக் கும்பிட்டார். தொயோமியும் கும்பிட்டாள், மரங்களை நினைத்துக்கொண்டு.

பிறகு நடக்கத் தொடங்கினார்கள் என்று சொல்ல முடியாது. அவர் மூன்று அடி வைப்பார், நிற்பார். துப்பாக்கி முனையில் கட்டியிருந்த நூல் காற்றில் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்ப்பார். மறுபடி மூன்று அடி. இந்த வேகத்தில் மேட்டு உச்சியைப் புதுவருஷத்துக்கு எட்டிவிடலாம் என்று தொயோமி கணக்குப் போட்டாள். தூங்குகிறார் என்ற புகாரை மட்டும் அவளால் எழுத முடியாது போலிருந்தது. தரையிலிருந்து புழுக்கையை எடுத்து விரலால் நசுக்கினார். "நேத்து ராத்திரி" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போய் இன்னொன்றை நசுக்கினார். "இது இன்னைக்கு." ஊசியிலை மரம் ஒன்றில் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் பல் தடத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். வயிறு எரிந்தது.

எட்டு நாற்பதுக்கு முதல் மான் வந்தது. நாற்பது அடி தூரத்தில், தேவதாரு மரங்களுக்கு நடுவே, பெரிய உடம்பு. பின்பாகமும் வயிறும் தெரிந்தன. கொம்பின் ஒரு கிளை மரத்துக்கு அந்தப் பக்கம் ஆடியது. இவாசே துப்பாக்கியைத் தூக்கினார். தொயோமி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சுடுவார், இப்போது சுடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மான் சாவகாசமாக இரண்டு இலை தின்றது, நடந்தது, போய்விட்டது.

"என்னண்ணே இது? வீட்டுச் சுவர் மாதிரி நின்னுச்சே."

"தலை தெரியல."

"தலை இல்லாமயா மான் வந்திருக்கும்?"

"தலை, தோள், முன்னங்கால். மூணும் ஒண்ணாத் தெரியணும். ரெண்டு மட்டும் தெரிஞ்சா அது மான் இல்ல. மான் மாதிரி ஒண்ணு."

"கொம்பு தெரிஞ்சுதே. காய்ஞ்ச கிளைக்கா கொம்பு முளைக்கும்?"

இவாசே சிரித்தார், சத்தம் வராமல். தொயோமி நோட்டை எடுத்தாள். எட்டு நாற்பது, கொம்பு மான் ஒன்று, சுடவில்லை என்று எழுதினாள்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் பெண் மான்கள் இரண்டு. இடுப்பளவு மூங்கில் புல்லுக்குள் தலையும் கழுத்தும் மட்டும் மிதந்தன. துப்பாக்கி உயர்ந்தது, காத்திருந்தது, தாழ்ந்தது. வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது என்று நோட்டைத் திறந்தாள். இரண்டாவது வரியை எழுதும்போது பென்சில் முனை ஒடிந்தது. இவர் சுடாமல் விட்ட மான்கள்தான் என் தோட்டத்துக்கு வருகின்றன என்று நினைத்தாள். நகரத்துக் குழுவை ஞாயிற்றுக்கிழமையே வரச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பருத்த மரத்தடியில் இவாசே அவளை உட்காரச் சொன்னார்.

"அதுங்க பள்ளத்துல இறங்கிருக்கு. நான் கீழ சுத்திப் போய் மேல ஏறி வருவேன். ஒரு மணி நேரம் ஆகும். இங்கயே இரு. நகராதே."

"கல்லு மாதிரி இருக்கேன், போங்க."

கல்லுக்குக் குளிராது. தொயோமிக்குக் குளிர்ந்தது. முதலில் கழுத்து; யார் பார்க்கப்போகிறார்கள் என்று பையிலிருந்த துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது. பிறகு ஃபிளாஸ்கைத் திறந்து சூடான பார்லித் தேநீர் ஒரு மூடி குடித்தாள். பிறகு இன்னொரு மூடி. மூன்றாவது மூடியும் உள்ளே போன கொஞ்ச நேரத்தில், அது வெளியே வரும் வழியைக் கேட்டது.

அடக்கிப் பார்த்தாள். ஐம்பத்தாறு வயதில் அடக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. சுற்றிலும் பார்த்தாள். இவாசே எந்த நேரத்தில் வந்து நிற்பார் என்று தெரியவில்லை. முப்பது அடி கீழே மூங்கில் புல் அடர்ந்திருந்தது. அங்கே இறங்கினாள். இறங்கியதும்தான் உறைத்தது: உடம்பில் போட்டிருக்கும் ஆரஞ்சு நிறம் அடுத்த மலையிலிருந்து பார்த்தாலும் தெரியும். இந்தக் கோலத்தில் இவாசே அண்ணன் கண்ணில் பட்டால் அப்புறம் ஊரில் எப்படி முகத்தைக் காட்டுவது? மேல்சட்டையைக் கழற்றினாள். தொப்பியையும் கழற்றினாள். இரண்டையும் மேலே ஒரு கிளையில் மாட்டிவிட்டு, புல்லுக்குள் குனிந்து மறைந்து உட்கார்ந்தாள். யார் கண்ணிலும் படாமல் ஒளிந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது. துண்டின் நுனி முதுகுப் பக்கம் தொங்கியது. பின்னால் கையை விட்டு அதை இழுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வேலை முடிந்து தலையைத் தூக்கியபோது கீழேயிருந்து குரல் வந்தது. சாதாரணமான, மெதுவான குரல்.

"தொயோமி. நான் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கேன். அவசரம் இல்ல. உடுப்பைச் சரி பண்ணிட்டு எழுந்திரு. எழுந்ததும் ஏதாவது பேசு."

அவளுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. எந்த அவமானத்துக்குப் பயந்தாளோ அது நடந்தேவிட்டது. கால்சட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு, கிளையிலிருந்த ஆரஞ்சைப் பறித்துப் போட்டுக்கொண்டு, திட்டித் தீர்க்கும் முடிவோடு இறங்கினாள்.

"நல்லா இருக்குண்ணே உங்க வேட்டை. எவ்வளவு நேரமா பார்த்துட்டு இருந்தீங்க?"

"பதினோரு மூச்சு."

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி திறந்தபடி பக்கத்தில் கிடந்தது. தோட்டாக்கள் காய்ந்த இலைமேல், அவர் முழங்காலுக்கு அருகில். மடியில் இருந்த வலது கையை இடது கை பிடித்துக்கொண்டிருந்தது.

தொயோமி அந்தக் கையைப் பார்த்தாள். தோட்டாக்களைப் பார்த்தாள். அப்புறம் தன் கோட்டின் பழுப்பு நிறத்தையும், கழுத்திலிருந்த வெள்ளையையும். அவளும் இலைமேல் உட்கார்ந்தாள்.

"பழுப்பு தெரிஞ்சுது" என்றார் இவாசே. "வெள்ளை தெரிஞ்சுது. வெள்ளை வால் மாதிரி ஆடுச்சு. உன்னை மேல மரத்தடியில விட்டேன், ஆரஞ்சும் மேலதான் தெரிஞ்சுது, நீ அங்க இருக்கன்னுதான் நினைச்சேன். பெண் மான் படுத்திருக்குன்னு நினைச்சேன். விசையில விரல் வெச்சாச்சு. தலை வரட்டும்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"தலை வந்துச்சு. சாயம் போட்ட முடி. மானுக்கு ஏது சாயம்?"

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. தொயோமி சிரித்தாள், ஆனால் அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. பரவாயில்லை என்று அழுதாள். முதுகுவலிப் பட்டையோடு யுகிஹிரோ அரிசிப் பானையைத் தேடிக்கொண்டு நிற்பான். புதுவருஷத்துக்குப் பேத்தி வருகிறாள். கத்தரிக்கோலை நேற்று கடைசி மரத்தடியில் மறந்துவிட்டு வந்திருந்தாள். போய் எடுக்க வேண்டும். எடுக்கலாம். போய் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இலைகள்மேல் இரண்டு கையையும் ஊன்றி நெற்றி தரையில் படும்படி அவரை வணங்கினாள்.

"ரொம்ப நன்றிண்ணே. உயிரோட இருக்கேன்."

"எழுந்திரு, எழுந்திரு. நகராதேன்னு மட்டும்தான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் விளக்கமாச் சொல்லிருக்கணும். என் தப்பும் இருக்கு."

"மூணு மூடி தேநீர் குடிக்காதேன்னு நீங்க சொல்லிருக்க முடியுமா?"

இப்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வேட்டை போதும் என்று இவாசே தோட்டாக்களைப் பையில் போட்டுக் கட்டிவிட்டார். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோற்று உருண்டைக்குள் உப்பிலிட்ட பிளம் புளித்தது. அவர் தன் முள்ளங்கி ஊறுகாயைப் பாதி எடுத்து அவளுக்கு வைத்தார். இத்தனை வருஷம் எத்தனை உருண்டை பிடித்திருப்பாள், எத்தனை தின்றிருப்பாள். இப்படி ஒவ்வொரு பருக்கையும் இனித்ததில்லை. எதிர் மலையில் வெயில் ஏறியது. அந்த வெயிலுக்கும் நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது.

சாப்பிட்டு முடித்த பிறகு இவாசே சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை இதைச் சொல்ல வேணாம். உனக்கும் வெட்கம். ஒரு பொம்பளையைக் குறி வெச்சவன்னு எனக்கும் பேரு. ரெண்டு தடவை மான் வந்துச்சு, சுடலன்னு நோட்டுல இருக்கிறதை மட்டும் படி. அது உண்மைதானே. நான் துப்பாக்கியை ஒப்படைச்சிடறேன்."

"ஏண்ணே?"

"விரல் வெச்சுட்டேனே."

நோட்டை எடுத்து, ஒடிந்த பென்சிலை நகத்தால் கிள்ளி, மூன்றாவது வரியை எழுதினாள். என்ன எழுதினாள் என்று அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் யுகிஹிரோ, "என்ன, மான் கடிச்சுருச்சா? முகம் ஒரு மாதிரி இருக்கு" என்றான். அவள் அவனை உட்காரவைத்து முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். கேட்காமலே தேய்த்ததில் அவன் இன்னும் பயந்துபோனான்.

மூன்று நாள் அந்த வரியை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சொன்னால் ஊர் ஆண்கள் எல்லாரும் அவளைப் புல்லுக்குள் உட்காரவைத்து மனசுக்குள் பார்ப்பார்கள். சாகும்வரை கிண்டல் ஓயாது. சொல்லாவிட்டால் தன்னைச் சுடாமல் விட்ட மனிதர், சுடாமல் விட்டதற்காகவே மலையை விட்டு இறங்குவார். பாத்திரம் கழுவும்போது இதையே யோசித்தாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஊர்க் கூடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றிப் பதினான்கு பேர். கெண்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இவாசே கதவோரம் உட்கார்ந்து மாண்டரின் உரித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி உரிமப் புத்தகத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதன் விளிம்பு வெளியே தெரிந்தது. ஓகுதா நகரத்துக் குழுவுக்கான தாளைப் பரப்பி, பக்கத்தில் முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்திருந்தார்.

"தொயோமியம்மா, படிங்க" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். "எட்டு நாற்பது. கொம்பு மான் ஒண்ணு. சுடவில்லை."

"சொன்னேன்ல" என்று ஒருவர் பக்கத்து ஆளை இடித்தார்.

"ஒன்பது ஐம்பத்தஞ்சு. பெண் மான் ரெண்டு. சுடவில்லை."

ஓகுதா முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். "அப்புறம் என்ன, கண்ணால பார்த்த சாட்சி. முடிச்சிடலாமா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு. கையை எடுங்க" என்றாள் தொயோமி. கதவோரம் இவாசே தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணுக்கு வந்துச்சு."

கூடம் சிரித்தது. யுகிஹிரோ கையால் முகத்தை மூடிக்கொண்டான். அவள் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தாள்.

"சிரிங்க. மூணு மூடி தேநீர் குடிச்சவ நான்தான். புல்லுக்குள்ள போனேன். யாரும் பார்க்கக் கூடாதுன்னு ஆரஞ்சு சட்டையையும் தொப்பியையும் கழட்டிக் கிளையில மாட்டினேன். உள்ள இந்தப் பழுப்புக் கோட்டு. கழுத்துல இந்தத் துண்டு. போடாதேன்னு அண்ணன் சொல்லியும் போட்டேன். அப்படியே குனிஞ்சு உட்கார்ந்தேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணன் கீழ இருந்து வந்தாரு. துப்பாக்கியில தோட்டா இருந்துச்சு. தலை, தோள், முன்னங்கால் மூணும் தெரியாம சுட மாட்டாரு அவர். அதுக்காகத்தான் நம்ம அவரைத் துரத்தப் பார்க்கிறோம். என் மரம் போனது போனதுதான், இன்னமும் வயிறு எரியுது. இந்த வருஷம் வலை கட்டுறேன், வந்து கை குடுங்க. ஆனா மலைக்குக் காளான் பறிக்கப் போறவங்க, விறகுக்குப் போறவங்க, தண்ணிக் குழாய் பார்க்கப் போறவங்க, எல்லாரும் ஒரு தடவை அவங்கவங்க கழுத்தைப் பார்த்துக்கங்க."

பதினான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். பதினோரு கழுத்தில் வெள்ளைத் துண்டு இருந்தது. ஓகுதா தன்னுடையதைக் கையால் தொட்டார்.

தொயோமி கதவுப் பக்கம் திரும்பி, இவாசேயைப் பார்த்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள். நிமிர்ந்து, நோட்டைப் பிரித்து, மூன்றாவது வரியைப் படித்தாள்.

"பதினொண்ணு பத்து. தொயோமி ஒண்ணு. சுடவில்லை."